யார் வீட்டுப் பிள்ளை?

உடையார்பாளையத்திலிருந்து பிழைப்புத் தேடி வெளியே போனவர்கள் எவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். திருப்பூரில் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் பேச்சுவாக்கில் ஜெயங்கொண்டம் என்பார். இன்னும் நாலு வார்த்தை பேசினால், அவருடைய சின்ன மாமனாரும் நம்முடைய அத்தை வீட்டுக்காரரும் ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். ஊர் திருப்பூருக்குப் பதில் சிங்கப்பூராகவோ சார்ஜாவாகவோ இருக்கலாம். சொல்பவரின் முகத்தில் வரும் மலர்ச்சி மட்டும் மாறாது. "உலகம் எவ்வளவு சின்னது பாத்தீங்களா!"

அந்த வியப்பு நியாயமானது. அதற்குப் பின்னால் ஓடும் கணக்கு அதைவிட அழகானது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தக் காக்கை அன்றைக்கு எத்தனை மரத்தில் உட்கார்ந்தது, பழம் விழாத மரங்கள் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. தற்செயலைப் பற்றிய கணிதமெல்லாம் இந்த எண்ணாமல் விட்ட மரங்களைப் பற்றியதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உடையார்பாளையம் இருக்கும் அரியலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர். ஒருவருக்கு ஒரு நாளில் நேர லட்சத்தில் ஒரு வாய்ப்பே உள்ள அதிசயம் என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது இந்த மாவட்டத்துக்குள் சராசரியாகத் தினம் ஏழு பேருக்கு நேர்ந்தாக வேண்டும். தமிழ்நாடு முழுவதும் 700 பேருக்கு மேல். அந்த ஏழு பேரும் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. புள்ளியியலாளர்கள் பெர்சி டயகோனிஸும் ஃபிரடெரிக் மோஸ்டெல்லரும் 1989-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: கூட்டம் போதிய அளவு பெரிதாக இருந்தால் எந்த விசித்திரமும் நடக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கூட்டம் அவ்வளவு பெரிதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். ஜெயங்கொண்டம் போகும் டவுன் பஸ்ஸில் 50 பேர் இருந்தால் அது நூற்றுக்கு 97. நம்ப முடியாததுபோல் தோன்றுவதற்குக் காரணம், நாம் ஆட்களை எண்ணுகிறோம். எண்ண வேண்டியது ஜோடிகளை. 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன.

இதே ஜோடிக் கணக்கைப் பந்தியில் உட்கார்ந்த அந்த இருவருக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 500 பேரைத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். கிராமத்தில் வளர்ந்தவருக்கு இது மிகையல்ல. என் 500 பேரையும் உங்கள் 500 பேரையும் ஒப்பிட இரண்டரை லட்சம் ஜோடிகள். ஏழரை லட்சம் பேர் கொண்ட மாவட்டத்தில் அறிமுகங்கள் எப்படியோ சிதறிக் கிடந்தாலும், இருவருக்கும் பொதுவாக ஒருவரைத் தெரிந்திருக்க ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. உண்மையில் அறிமுகங்கள் சிதறிக் கிடப்பதில்லை. சொந்தம், தொழில், பள்ளிக்கூடம், குலதெய்வக் கோயில் என்று கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. ஒரே கொத்திலிருந்து வந்த இருவர் என்றால் வாய்ப்பு எங்கோ ஏறிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960-களில் இதைக் கடிதங்களால் சோதித்தார். பாஸ்டன் நகரில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகருக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். நேரடியாக அனுப்பக் கூடாது, பெயர் சொல்லிப் பேசும் பழக்கமுள்ள ஒருவர் கையில்தான் கொடுக்க வேண்டும், அவரும் அப்படியே. ஜெஃப்ரி டிராவர்ஸுடன் சேர்ந்து 1969-ல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, 296 பேரிடம் தொடங்கியதில் 64 கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. இடையில் சராசரியாக ஐந்து பேர்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: சேர்ந்த 64-ல் 16 கடிதங்கள் ஒரே துணி வியாபாரி வழியாக வந்தன. எல்லாரும் எல்லாரோடும் சம அளவில் பிணைந்திருப்பதால் உலகம் சுருங்குவதில்லை. ஆங்காங்கே சில சந்திகள் இருக்கின்றன. வழிகள் அங்கே கூடுகின்றன.

உடையார்பாளையம் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட சந்தி. அந்த ஊர் ஜமீனின் சமஸ்தான வித்துவானாக விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். அவருடைய உறவினரும் சீடருமான வேங்கடசுப்பையர் அதே ஜமீனின் ஆதரவில் வாழ்ந்தார். வேங்கடசுப்பையரின் மகன்தான் 1855-ல் பிறந்த உ. வே. சாமிநாதையர். அந்தப் பிள்ளை சிறு வயதில் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றது. பின்னாளில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்க மாயூரம் போனபோது, அங்கே சங்கீதம் சொல்லிக்கொடுக்கக் கிடைத்தவர் நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவரும் கனம் கிருஷ்ணையரிடம் கற்றவர்! எங்கோ ஓர் ஊரில் எதிர்ப்பட்ட பெரியவரும் பையனின் தகப்பனாரும் ஒரே ஆசானின் மாணவர்கள்.

சாமிநாதையரின் வாழ்வைத் திருப்பிப்போட்ட சந்திப்பு 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை நடந்தது. கும்பகோணத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் அவரை அசைக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். அதுவரை அந்த நூலைக் கையால் தொட்டிராத தமிழாசிரியரிடம் பின்பு ஒரு கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தார். பழந்தமிழ்க் காப்பியங்களும் சங்க நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறிய கதைக்கு அதுவே தொடக்கம்.

அந்த முன்சீப் மாற்றலாகி வந்தது எங்கிருந்து தெரியுமா? அரியலூரிலிருந்து.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆனாலும் பிரித்துப் பார்க்க வேண்டும். சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரிக்கு வந்ததே அதே 1880 பிப்ரவரியில்தான். தியாகராச செட்டியார் தம் இடத்தை அவருக்கு வாங்கிக்கொடுத்தார். செட்டியாரும் மகாவித்துவானின் மாணவர். அரசாங்கம் முன்சீபுகளை ஊர் ஊராக மாற்றிக்கொண்டே இருந்தது. கும்பகோணத்தில் கல்லூரி, கோர்ட்டு இரண்டும் இருந்தன. திருவாவடுதுறை மடமும் பக்கத்தில். தமிழில் ஆசையுள்ள அதிகாரியும் மடத்தில் வளர்ந்த தமிழாசிரியரும் அங்கே சந்திக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அரியலூர் என்ற பெயர் இருவர் வாழ்விலும் வந்தது தற்செயல். சந்திப்பு நடந்தது வழிகள் கூடிய இடத்தில்.

வழி இருப்பது ஒன்று, அதைக் கண்டுபிடிப்பது வேறொன்று. கணினி அறிவியலாளர் ஜான் கிளைன்பெர்க் 2000-ல் இதை நிறுவினார். இருவருக்கிடையே குறுகிய சங்கிலி இருந்தாலும், தூரத்துத் தொடர்புகள் குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்திருந்தால்தான், தன் அக்கம்பக்கத்தை மட்டும் அறிந்தவர் அதைத் தேடிப் பிடிக்க முடியும். தேடுபவருக்கு, எதிராளி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று காட்டும் அடையாளம் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் அறிமுகமான மறுநிமிடமே கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். எந்தூரு? ஊருல எந்தத் தெரு? யாரு வீட்டுப் பிள்ளை? பொண்ணு எடுத்தது எங்க? ஒவ்வொரு கேள்வியும் தேடும் பரப்பைப் பல மடங்கு சுருக்குகிறது. ஏழரை லட்சம் பேர் ஓர் ஊராகி, ஊர் தெருவாகி, தெரு ஒரு வீடாகிவிடுகிறது. கைபேசியைப் பார்த்தபடி பந்தியில் உட்கார்ந்து எழுந்து போகும் இருவருக்கும் இடையில் அதே பொது உறவு இருக்கத்தான் செய்யும். கேட்காததால் அது தெரியாமலே போகும். அதற்காக நான் உண்மையாகவே வருந்துகிறேன்.

கணக்குக்கு அடங்காமல் மிஞ்சுவதும் உண்டு. சிந்தாமணியில் வரும் சமணக் கருத்துகள் புரியாமல் சாமிநாதையர் திணறியபோது, கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். ஒரு நாள் சந்திரநாத செட்டியார் என்பவரின் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் மாவிலைத் தோரணமும் கோலமும். என்ன விசேஷம் என்று விசாரித்தால், அந்த வீட்டில் மாதக்கணக்கில் பாடம் கேட்டுவந்த சிந்தாமணி அன்றைக்குத்தான் பூர்த்தியாயிற்றாம். கணக்குப் பிள்ளை இங்கேயும் வாதாடலாம்: தொடங்கிய நாளில் போயிருந்தாலும், நடுவில் போயிருந்தாலும் இதே அளவு வியந்திருப்போம், வீட்டில் பாடம் நடந்த எந்த நாளும் அதிசய நாளே. அது சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் சிந்தாமணியை உட்கார்ந்து பாடம் கேட்ட வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? அவற்றுள் ஒன்று அவர் தினமும் வேலைக்குப் போய்வந்த அதே ஊரில் இருந்தது. அங்கே கேட்டுத் தெளிந்தவற்றின் துணையோடு சீவக சிந்தாமணி 1887-ல் அச்சில் வெளிவந்தது.