பொட்டிப்புரத்தில் ஏன் சுறாப்பல் கிடைக்காது?

பொட்டிப்புரம் மலையடிவாரத்தைத் தோண்டினால் சுறாப்பல் கிடைக்குமா என்று ஒரு பள்ளிப்பிள்ளை கேட்டால், கிடைக்காது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. டீ ஆறுவதற்குள் காரணத்தையும் சொல்லிவிடலாம்.

இந்த மலை சார்னோக்கைட்டு என்னும் பாறை. சென்னைப் பல்லாவரம் குன்றும் இதே இனம்தான். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறிய கல் இது. அந்தச் சூட்டில் எந்த உயிரின் எச்சமும் தப்பாது. அது மட்டுமல்ல, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாறை உருவாகிவிட்டது. சுறாவினம் அதற்குப் பிறகுதான் தோன்றியது. பாறை கெட்டியாக இருப்பதும், திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இந்த மலையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

சுறாப்பல் தேட வேண்டுமானால் பெரம்பலூர்ப் பக்கம், காரை கிராமத்துக்குப் போக வேண்டும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடல். அடியில் படிந்த களிமண்ணை இன்று மழை அரித்து, ஓடை ஓடையாகப் பிளந்து வைத்திருக்கிறது. அம்மோனைட்டு, பெலம்னைட்டு ஆகிய பழங்கடல் உயிர்களின் எச்சங்களோடு சுறாப்பற்களும் அங்கே வெளிவருகின்றன. தென்னிந்தியாவின் இந்தப் பழங்கடல் படிவுகளில் 1840களிலேயே கே, கன்லிஃப் என்ற இருவர் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். அவர்கள் புதுச்சேரிப் பகுதியில் எடுத்த மீன் எச்சங்களைப் பற்றி 1845இல் எகர்ட்டன் என்ற ஆய்வாளர் எழுதினார்.

சுறாவில் பல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது? அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பு, சீக்கிரம் மக்கிவிடும். பற்களோ வரிசை வரிசையாக முளைத்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். பல்லின் மேற்பூச்சு ஃபுளோரின் கலந்த கால்சியம் பாஸ்பேட்டு, மிகவும் கெட்டி. மண்ணில் புதைந்தபின் தாதுக்கள் ஊறி நிறம் மாறுகிறது. கறுத்திருப்பதால் பழையது என்று பொருளில்லை. புதைந்த மண்ணைப் பொறுத்ததே நிறம்.

பல்லின் வடிவம் சுறாவின் உணவைச் சொல்லும். ஊசிபோன்ற பல் மீனைக் கவ்வ, ரம்ப விளிம்பு சதையை அறுக்க. காரையில் கிடைத்த டைகோடஸ் என்ற சுறாவின் பல்லோ அம்மிபோலத் தட்டையாக, வரிவரியாக இருக்கும். ஓட்டுயிர்களை நொறுக்கத்தான் அது. காரை மண்ணில் எடுத்த மெகலடான் பல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்தச் சுறா தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே காரைக் கடல் பின்வாங்கிவிட்டது.

பல்லைவிட முக்கியம், அது கிடந்த இடம். எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்று தெரியாவிட்டால் பத்துக் கோடி ஆண்டுச் செய்தி அழிந்து வெறும் கல் மிஞ்சும். ஆகவே கண்ணில் பட்டால் உடைத்து எடுக்காதீர்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள், இடத்தையும் தேதியையும் எழுதுங்கள், பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கோ தெரிவியுங்கள். பிள்ளைகளுக்குப் பழங்கடலைக் காட்ட விரும்பினால் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள்.