தப்பு வந்தால் வரட்டும், பாடு கண்ணு!

பாட்டு கிளாசுக்குப் போகிற பிள்ளைகள் சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் கடகடவென்று பாடிவிடுவார்கள். "நீயா ரெண்டு ஸ்வரம் சேர்த்துப் பாடு" என்றால் மட்டும் வாயே திறக்காது. நாலாவது படிக்கும் என் மகளும் அப்படித்தான். 'வரவீணா' கீதத்தை நிறுத்தாமல் பாடுபவள், சொந்தமாகப் பாடச் சொன்னதும், "எனக்கு வராதும்மா, இனிமே கிளாசுக்கே போகமாட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அதைப் போக்க வீட்டிலேயே ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன்.

முதலில் வெறும் கைத்தட்டல். நாலு எண்ணிக்கைக்கு நான் தட்டுவேன். அடுத்த நாலுக்கு அவள் இஷ்டப்படி பதில் தட்டுவாள். ஒரு வாரம் கழித்து ச, ரி, க என்று மூன்றே ஸ்வரம். நான் கேள்வி மாதிரி பாடுவேன், அவள் பதில் பாடுவாள். 'ச'வில் வந்து முடிக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம்! பிறகு ப, த இரண்டையும் சேர்த்தோம். அதுதான் மோகனம். ம, நி இல்லாததால் ஸ்வரங்கள் ஒன்றோடு ஒன்று இடிக்காது. எப்படி மாற்றிப் போட்டாலும் காதுக்கு இதமாகவே இருக்கும்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் இன்னும் சுலபம். சேர்ந்தாற்போல் மூன்று கறுப்புக் கட்டை இருக்குமே, அது ச, ரி, க. அடுத்த இரண்டும் ப, த. கறுப்புக் கட்டைகளை மட்டும் குழந்தை இஷ்டத்துக்கு வாசிக்கட்டும். ஜெர்மனி இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் முறையிலும் இப்படித்தான். சின்னப் பிள்ளைகள் தட்டி வாசிக்கும் வாத்தியத்தில் இரண்டு ஸ்வரப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, ஐந்தை மட்டும் வைத்து வாசிக்க விடுவார்களாம்.

தோழிகளே, குழந்தை பாடும்போது நடுவில் திருத்தாதீர்கள். விருந்தாளி முன்னால் பாடச் சொல்லாதீர்கள். தினம் ஐந்து நிமிஷம் போதும். ராக லட்சணமெல்லாம் பாட்டு டீச்சர் பார்த்துக்கொள்வார்.

இப்போது தலை பின்னும்போதுகூட என் மகள் புதுசு புதுசாக ஸ்வரம் கோர்க்கிறாள். கிளாசுக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறாள். உங்கள் வீட்டுச் செல்லங்களோடு நீங்களும் விளையாடிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.