பசும்பால் மீது விழுந்த சந்தேகம்

முதல் வகை நீரிழிவு குழந்தைகளை மிக அதிகமாகத் தாக்கும் நாடு பின்லாந்து. அங்கே பல ஆண்டுகள் சந்தேகம் பசும்பாலில் செய்த பால்மாவு மீதே இருந்தது.

ஏன்? மாட்டின் இன்சுலினும் மனித இன்சுலினும் மூன்றே அமினோ அமிலங்களில்தான் வேறுபடுகின்றன. பச்சிளம் குடல் சில புரதங்களைச் சிதைக்காமலே உள்ளே விட்டுவிடும். மாட்டு இன்சுலினை எதிர்க்கப் பழகிய நோயெதிர்ப்புச் செல்கள், பிறகு குழந்தையின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே தாக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சோதித்தும் பார்த்தார்கள். 'டிரிகர்' ஆய்வில் 15 நாடுகளின் 2,159 குழந்தைகள். எல்லோருக்கும் நெருங்கிய உறவில் இந்நோய் இருந்தது. ஒரு பிரிவுக்குப் புரதத்தை நுணுக்கிச் சிதைத்த பால்மாவு. 2018இல் முடிவு வந்தது: நோய் குறையவில்லை. பால்மாவில் சிதையாமல் இருக்கும் மாட்டுப் புரதமே காரணம் என்று சொல்ல இந்த ஆய்வு ஆதாரம் தரவில்லை.

பால்மாவு ஒருபுறமிருக்க, பிறந்த முதல் ஆண்டில் எடை வேகமாக ஏறிய குழந்தைகளிடம் இந்நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. அதிக இன்சுலின் சுரக்க நேரும் பீட்டா செல்கள் களைத்துப்போவது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.