ஸ்டோயான் நோவாகோவிச்: வரலாற்றறிஞரும் அரசியலாளரும்

முன்னுரை

ஆய்வாளர் ஆட்சியில் அமரும்போது அவர்தம் புலமை எவ்வாறு பயன்படுகிறது என்பது சிந்திக்கத்தக்கது. செர்பிய வரலாற்றறிஞர் ஸ்டோயான் நோவாகோவிச்சின் (1842–1915) வாழ்வினை முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது.

புலமைப் பணி

ஷபாட்ஸ் நகரில் பிறந்த இவர், பெல்கிரேடில் பயின்று, தேசிய நூலகத்தின் நூலகராகவும் உயர்கல்லூரிப் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1349ஆம் ஆண்டு பேரரசர் டுஷான் வெளியிட்ட சட்டத்தொகுப்பை 1870இலும் 1898இலும் பதிப்பித்தார். 1891இல் வெளிவந்த ‘சேலோ’ (கிராமம்) என்னும் நூல் இடைக்காலச் செர்பியக் கிராமத்தை ஆராய்கிறது. மன்னர்களின் போர்களோடு நில்லாமல், உழவரின் நிலவுரிமை, கடமைகள் ஆகியவற்றையும் ஆவணங்களின்வழி ஆராய்ந்தமை இவர்தம் சிறப்பு எனலாம்.

அரசியல் பணி

1873இல் முதன்முறையாகக் கல்வி அமைச்சரானார். 1881இல் உருவான முற்போக்குக் கட்சியின் நிறுவனர்களுள் இவரும் ஒருவர். இவர் அமைச்சராக இருந்தபோது, 1882இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்கான சட்டம் இயற்றப்பெற்றது. 1895–96இலும் 1909இலும் தலைமை அமைச்சராக விளங்கினார். ஆஸ்திரிய-ஹங்கேரி பேரரசு போஸ்னியாவை இணைத்துக்கொண்டதால் எழுந்த நெருக்கடியில், பல கட்சிகள் இணைந்த அரசுக்கு இவரே தலைமையேற்றார். போரின் விளிம்புக்குச் சென்ற நாடு, 1909 மார்ச்சில் அவ்விணைப்பை ஏற்றுப் பின்வாங்க நேர்ந்தது.

புலமையும் அரசியலும்

1886இல் இவர் உதுமானியத் தலைநகரில் தூதரானார். மாசிடோனியாவில் பல்கேரியச் செல்வாக்கு வேரூன்றியிருப்பதையும், செர்பியக் கருத்தை மட்டும் கொண்டு அதனை எதிர்ப்பது அரிது என்பதையும் உணர்ந்தார். ஆகவே, மாசிடோனியத் தனித்தன்மையையும் வட்டார மொழியையும் ஊக்குவிப்பதே செர்பியாவுக்கு உகந்தது என 1888இல் தம் அரசுக்கு எழுதினார். மொழியியல் அறிவு அவ்வட்டார வழக்குகளின் தனித்தன்மையை அவருக்குக் காட்டியது. அரசின் நலனோ அவ்வுண்மையைக் கருவியாக்கத் தூண்டியது. அம்மக்களின் விருப்பம் இக்கணக்கில் முதலிடம் பெறவில்லை என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

1906 முதல் செர்பிய அரச அறிவியற்கழகத்தின் தலைவராக இருந்த இவர், 1912இல் லண்டன் அமைதிப் பேச்சுவார்த்தையில் செர்பியத் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்றார். 1915இல் நீஷ் நகரில் மறைந்தார். இவர்தம் பதிப்புகளும் கல்விச் சட்டமும், அறிவு ஆட்சிக்கு வழங்கிய கொடைகள். 1888ஆம் ஆண்டுக் கருத்துரையோ அறிவை ஆட்சி தன் தேவைக்கு வளைத்தமைக்குச் சான்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இவரை முறையாக மதிப்பிடும் வழியாகும்.