கார் நிறுத்த இடமில்லாத குடியிருப்பு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பாலைவனத்தின் நடுவே அமைந்தது பீனிக்ஸ் நகரம். 2023 ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் அங்கு பகல் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டியது. அகன்ற தார் வீதிகளும் வாகனத் தரிப்பிடங்களும் பகலில் குடித்த சூட்டை இரவில் கக்குகின்றன. காரில்லாதவருக்குக் கடைக்குப் போய்வருவதே பெரும்பாடு.

இந்நகரை ஒட்டியுள்ள டெம்பியில் அதே ஆண்டு கல்டிசாக் என்னும் குடியிருப்பில் ஆட்கள் குடியேறத் தொடங்கினர். நிலம் 17 ஏக்கர். திட்டமிட்ட வீடுகள் ஏறக்குறைய 760. குடியிருப்போர் கார் நிறுத்த இடமே கிடையாது! அதனால் மிஞ்சிய நிலத்தில் முற்றங்களும் மரங்களும் வந்தன. இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களை நெருக்கிக் கட்டி, வெள்ளை பூசியிருக்கிறார்கள். இடையே ஒடுங்கிய நடைபாதைகள். எங்கள் ஊர் ஒழுங்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒருபக்கச் சுவரின் நிழல் நடப்பவர் தலையில் விழும், தார் இல்லாததால் நிலமும் அவ்வளவு சுடாது.

பலசரக்குக் கடையும் உணவகமும் நடை தூரத்தில் உள்ளன. சில வீடுகளில் முன்னறை கடை அல்லது வேலைத்தலம், மற்றப் பகுதி குடித்தனம். வெளியே வேலைக்குப் போவோருக்கு வாசலருகே மின்சார ரயில். அதற்கான பிரயாணச் சீட்டு வாடகையுடன் சேர்ந்தே கிடைக்கிறது.

ஆனால் அந்த வாடகை சந்தை விலைதான். கார் வாங்க வசதியின்றி வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூலித் தொழிலாளிக்கு அது எட்டுவது கடினம். கார் வைத்திருக்கக்கூடியவர்களே அதை விட்டுவிட்டு இங்கு வருகிறார்கள்.