பால் நுழையாத ஒப்பந்தங்கள்

ஏழு ஆண்டுகள் பேசிய பிறகு, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் (RCEP) வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. மற்ற 15 நாடுகளும் மறு ஆண்டு கையெழுத்திட்டன. விலகலுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முன்னே நின்றது சீனா. அந்நாட்டுடனான வர்த்தகப் பற்றாக்குறை ஆண்டுக்கு 5,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பொய்யில்லை. ஆனால் சீனாவே இல்லாத ஒப்பந்தங்களையும் பார்க்க வேண்டும். 2022இல் ஆஸ்திரேலியாவுடனும் 2025இல் பிரிட்டனுடனும் கையெழுத்திட்டபோது ஒயினுக்கும் விஸ்கிக்கும் வரியைக் குறைக்க இசைந்த இந்தியா, பால் பொருட்களில் அசையவில்லை.

உலகிலேயே அதிகம் பால் உற்பத்தியாவது இந்தியாவில்தான். அதில் பெரும்பகுதியைக் கறப்பவர்கள் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பத்தார். ஆர்செப்பில் இருந்த நியூசிலாந்தோ தன் பாலில் மிகப் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கிருந்து பால்பவுடர் வரியில்லாமல் வந்தால், சங்கத்தில் பால் ஊற்றுபவரின் வருமானத்தில் நேராக அடி விழும். விலை குறைவதால் வரும் லாபமோ கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சில்லறையாகப் பிரிந்துபோகும். சில்லறைக்காக யாரும் ஊர்வலம் போவதில்லை. அமுல் எதிர்த்தது, விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன, காங்கிரஸ் எதிர்த்தது; ஆர்எஸ்எஸ் சார்ந்த சுதேசி ஜாக்ரண் மஞ்ச்சும் சேர்ந்துகொண்டது. பாங்காக் கூட்டத்துக்குப் பதினொரு நாள் முன்புதான் ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் பாஜக தனிப்பெரும்பான்மையை இழந்திருந்தது. அதுவே காரணம் என்று நிறுவ முடியாது; அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்பதையும் நம்ப முடியாது.

உள்ளூர் நெருக்கடிக்கு வளைகிற அரசு வெளியே பேரம் பேசும் வலுவை இழக்கும் என்பார்கள். பல நேரங்களில் நடப்பது நேர்மாறு. ‘நான் ஒப்புக்கொண்டாலும் என் ஊர் ஒப்பாது’ என்று நம்பும்படி சொல்ல முடிந்தவரிடம் எதிர்த்தரப்பு ஓரளவுக்கு மேல் வற்புறுத்துவதில்லை. இந்த இரண்டடுக்கு ஆட்டத்தை அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 1988இலேயே விளக்கிவிட்டார். ஆஸ்திரேலியாவும் பாலை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் கையெழுத்திட்டது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இந்தப் பாதுகாப்பு எளியவர் எல்லோருக்கும் கிடைக்கிறதா? கிடைப்பதில்லை. எண்ணெய் வித்து பயிரிடுவோரும் ஏராளம். ஆனால் அமுல் அளவுக்கு வலுவான கூட்டுறவு அவர்களுக்கு அமையவில்லை. நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. விலை எகிறியபோது சமையலறையின் குரல் ஓங்கியது. 2021 அக்டோபரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு பூஜ்யமாக்கியது. அதற்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை.