குடத்துக்குள் போகாத பெயர்கள்

கிரேட் ஜிம்பாப்வேயின் கல் மதில்களை ஆப்பிரிக்கர்களே கட்டினாங்கன்னு 1905லயே அகழாய்வு சொல்லிடுச்சு. ஆனா ரொடீசியாவின் வெள்ளையர் அரசு 1970கள்லயும் அதை மூடி மறைக்கப் பார்த்துச்சு. நம்ம ஊர் கதை கொஞ்சம் வேற. இங்கே பார்க்காமலே தீர்ப்பு எழுதினாங்க.

1817ல ஜேம்ஸ் மில் இந்திய வரலாறு எழுதினார். மனுஷன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! இங்கே இருந்தது கொடுங்கோல் ஆட்சிதான்னார். கம்பெனி அதிகாரிகளுக்கு அதுவே பாடமாச்சு.

அப்பவும் உத்திரமேரூர் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்து விதிகள் இருந்துச்சு: கி.பி. 919, 921. மொத்தம் 30 குடும்பு, அதாவது வார்டு. வயசு 35 முதல் 70. ஓலையில பேர் எழுதி குடத்துல போடுவாங்க, ஒரு சின்னப் பையன் எடுப்பான். ஏரிக்கு, தோட்டத்துக்கு, பொன்னுக்குன்னு தனித்தனி வாரியம். முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவர் நிக்க முடியாது. அவரோட மாமனார், மச்சான், மருமகனும் அவுட்.

ஆனா இதை 'உலகின் முதல் ஜனநாயகம்'னு வாட்ஸ்அப்ல ஃபார்வேர்டு பண்றதும் ஒரு மறைப்புதான். இது பிராமணர் சபை. கால் வேலி சொந்த நிலம் வேணும். ஒரு வேதமும் பாஷ்யமும் தெரிஞ்சா அரைக்கால் வேலி போதும். பெண்களுக்கு இடமில்லை. அந்த நிலத்தை உழுதவங்க பேரும் ஓலையில ஏறவே இல்லை.